15 வருட வரிவிலக்கு தந்தால் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்துவிடுமா?

ஒரு பிராந்திய வளர்ச்சிக் குழுவில் இருப்பவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்துப் பிராந்தியம் 10 வருட வரிவிலக்கும் பாதி விலைக்கு நிலமும் தருகிறது. நாங்கள் 15 வருட வரிவிலக்கும் இலவச நிலமும் தந்தால் தொழில்நுட்ப நிறுவனங்கள் எங்கள் பக்கம் திரும்புமா? இல்லை, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

சில திரும்பும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 10 வருடம் தந்திருந்தாலும் வந்திருக்கும். ஒன்றும் தராவிட்டால்கூட வந்திருக்கக்கூடியவையும் உண்டு. அமெரிக்காவின் அப்ஜான் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் டிமத்தி பார்டிக், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2018ல் ஒரு கணக்கு சொன்னார். சலுகை வாங்கிய நிறுவனங்களில், அந்தச் சலுகையால்தான் முடிவு மாறியது என்று சொல்லக்கூடியவை 2 முதல் 25 சதவீதம் வரை. மீதி முக்கால் பங்குக்கு மேற்பட்டவை, எப்படியும் எடுத்திருக்கும் முடிவுக்குக் காசும் சேர்த்து வாங்கிக்கொண்டவை. அதற்காகச் சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வகை நிறுவனத்துக்கு எது உறைக்கும் என்று பார்க்காமல் வருடத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண் என்கிறேன்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பன்னாட்டு நிறுவனம் உங்கள் பகுதியில் மென்பொருள் மையம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மையம் வெளியே யாருக்கும் எதையும் விற்காது. தாய் நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்து கொடுக்கும். ஆன செலவோடு ஒரு சிறு லாபத்தைச் சேர்த்துத் தாய் நிறுவனம் பணம் அனுப்பும். செலவு 100, அதன் மேல் லாபம் 12 என்று வையுங்கள். வரி 25 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3. நீங்கள் 15 வருடத்துக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்வது இந்த 3ஐத்தான். அதே 100 செலவில் சம்பளம் 65 என்று வைத்தால், ஆள் கிடைக்காமல் சம்பளத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டி வந்தாலே 3.25 போய்விடும். மொத்த வரிவிலக்கும் ஒரே ஒரு சம்பள உயர்வுக்குக் காணாது. எண்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ஊர் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நீங்கள் போடாவிட்டாலும் அவர்களுடைய நிதிப் பிரிவு போட்டுவிட்டுத்தான் பேச வரும்.

ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு இது இன்னும் மோசம். முதல் சில வருடம் நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு லாபத்தின் மேல் வரிவிலக்கு என்பது கையில் வராத பணம். அவர்களுக்கு வேண்டியது முதல் வாடிக்கையாளர், குறைந்த வாடகையில் இடம், அப்புறம் விசா. சிலி நாடு 2010ல் தொடங்கிய 'ஸ்டார்ட்அப் சிலி' இதைப் புரிந்துகொண்டு செய்தது: பங்கு எதுவும் கேட்காமல் 40,000 டாலரும் விசாவும் கொடுத்து வெளிநாட்டு ஸ்டார்ட்அப்காரர்களை வரவழைத்தார்கள். வந்தார்கள். திட்டம் முடிந்ததும் நிறையப் பேர் கிளம்பியும் போனார்கள், ஏனென்றால் அடுத்த கட்ட முதலீடு வேறு ஊர்களில் இருந்தது. நாட்டின் பெயர் ஸ்டார்ட்அப் உலகத்தில் அடிபட்டது, உள்ளூர் இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கும் துணிச்சல் வந்தது என்ற அளவில் அது லாபம்தான்.

வருடங்களைக் கூட்டுவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 10 வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் 100 ரூபாயை ஒரு நிறுவனம் வருடத்துக்கு 12 சதவீதக் கூட்டுவட்டி வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், இன்றைக்கு அதன் மதிப்பு 32 ரூபாய்தான். குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கும் அரசு 3 சதவீதம் வைத்துக் கணக்கிட்டால் அதே 100, இன்றைய 74 ரூபாய். அதாவது அரசுக்கு 74 ரூபாய் வலிக்கும் இடத்தில் நிறுவனத்துக்கு 32 ரூபாய்தான் இனிக்கிறது. 11வது வருடம் முதல் 15வது வருடம் வரை நீங்கள் கூடுதலாகத் தருவதாகச் சொல்வது முழுக்க இந்த ரகம். முடிவெடுக்கும் மேலாளர் அப்போது அந்த நிறுவனத்திலேயே இருக்கமாட்டார்.

சிப் தயாரிக்கும் ஆலை, தரவு மையம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இயந்திரச் செலவுக்கும் கட்டடச் செலவுக்கும் முன்னால் சம்பளம் சிறு தொகை. மூலதன மானியம், இயந்திரத்தின் மேல் விற்பனை வரி விலக்கு எல்லாம் நிஜமாகவே முடிவை மாற்றும். ஆனால் அந்தப் பந்தயத்தில் ஓடுபவர்கள் யார் என்று பாருங்கள். அமெரிக்கா 2022ல் கொண்டுவந்த சிப்ஸ் சட்டத்தில் ஒதுக்கியது சுமார் 52 பில்லியன் டாலர். அரிசோனாவில் ஆலை கட்டும் டிஎஸ்எம்சி நிறுவனம் ஒன்றுக்கே 6.6 பில்லியன் டாலர் வரை நேரடி மானியம். ஒரு மாவட்டமோ சிறு மாநிலமோ தனியாக இறங்கி விளையாடும் இடம் இல்லை அது.

சரி, அப்படியானால் நிறுவனங்கள் எதைப் பார்த்துத்தான் வருகின்றன?

நடைமுறை எப்படி இருக்கும் என்றால், ஒரு நிறுவனம் புது இடம் தேடும்போது முதலில் பத்து இருபது இடங்களை மேசையில் உட்கார்ந்தபடியே பட்டியல் போடும். பெரும்பாலும் இடத்தேர்வு ஆலோசகர் ஒருவர் இதைச் செய்வார். ஊரில் எத்தனை பொறியாளர்கள், சம்பள நிலவரம், விமான இணைப்பு, மின்சாரம், வாடகை என்று ஒரு நீளமான எக்செல் தாள். அதில் உங்கள் பெயர் இருந்ததும் உங்களுக்குத் தெரியாது, அடிபட்டுப் போனதும் தெரியாது. கடைசியில் இரண்டு மூன்று ஊர்கள் மிஞ்சிய பிறகுதான் சலுகைப் பேச்சு ஆரம்பிக்கும். சலுகைக்கு வேலை அந்தக் கடைசிச் சுற்றில் மட்டும்தான். சமமாக இருக்கும் இரண்டு ஊர்களில் ஒன்றின் பக்கம் தட்டைச் சாய்க்கும். பட்டியலிலேயே இல்லாத ஊரை அது மேலே ஏற்றாது. அதனால் உங்கள் பகுதியைப் பற்றிய சரியான, புதிய தகவல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைப்பதும், வருகிற முதல் மின்னஞ்சலுக்கு ஒரே நாளில் பதில் போவதும் ஐந்து வருடக் கூடுதல் வரிவிலக்கைவிடப் பெரிய காரியம். மூன்று வாரம் கழித்து "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தால், உரிமங்களும் அந்த வேகத்தில்தான் கிடைக்கும் என்று ஆலோசகர் குறித்துக்கொள்வார்.

பிறகு நேரில் பார்க்க வருவார்கள். அரங்கத்தில் வரவேற்பு, காணொளி, நினைவுப் பரிசு எல்லாம் நடக்கும். அனுபவமுள்ள குழு அதையெல்லாம் மரியாதைக்கு முடித்துக்கொண்டு, "ஏற்கெனவே இங்கே இருக்கும் ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளரோடு அரைமணி நேரம் பேச வேண்டும், அதிகாரிகள் யாரும் உடன் இருக்க வேண்டாம்" என்று கேட்கும். உங்கள் பிராந்தியத்தின் தலையெழுத்து அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு பொறியாளர் பதவியை நிரப்ப எத்தனை வாரம் ஆகிறது, வருடத்துக்கு நூற்றில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், கல்லூரியில் இருந்து நேராக எடுத்தவருக்கு எத்தனை மாதம் பயிற்சி தேவைப்படுகிறது, இறக்குமதியான ஒரு சர்வர் சுங்கத்தில் எத்தனை நாள் கிடக்கிறது என்று கேட்பார்கள். கடைசியில், "மறுபடியும் தொடங்குவதாக இருந்தால் இதே ஊரில் தொடங்குவீர்களா?" என்பார்கள். அந்த மேலாளர் ஒரு விநாடி தயங்கினால் போதும்.

அங்கே அடிக்கடி எழும், அதிகாரிகள் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று உண்டு: கணவன், மனைவி இருவருமே பொறியாளர்களாக இருந்தால் மற்றவருக்கு இந்த ஊரில் வேலை கிடைக்குமா? ஒரே ஒரு பெரிய நிறுவனம் இருக்கும் ஊருக்கு நடுத்தர வயது திறமையாளர்கள் குடிபெயரத் தயங்குவதற்கு இதுவே காரணம். இந்த வேலை போனால் அடுத்த வேலைக்குக் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும் என்றால் யார் வருவார்கள்? தொழில்நுட்ப நிறுவனங்கள் ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் ஊர்களிலேயே, வாடகையும் சம்பளமும் உச்சத்தில் இருந்தாலும், போய்க் குவிவதன் ரகசியம் இதில் பாதி.

கட்டமைப்பிலும் காகிதத்தில் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. "எங்களிடம் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். விசாரித்தால் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில், ஒரே பாலத்தின் மேல் போகும். ஒரு ஜேசிபி தோண்டினால் இரண்டும் சேர்ந்து போகும். மின்சாரமும் அப்படித்தான். உபரி மின்சாரம் இருக்கிறது என்பது வேறு, அந்த இடத்துக்கு இரண்டு தனித்தனி துணை மின்நிலையங்களில் இருந்து வழி இருக்கிறது என்பது வேறு. கடந்த மூன்று வருட மின்தடைப் பதிவைத் தேதியோடும் நேரத்தோடும் கேட்பார்கள். அதைத் தயாராக வைத்திருக்கும் பிராந்தியங்கள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

இந்தியாவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985ல் பெங்களூருக்கு வந்தபோது அதற்கு மிகவும் தேவைப்பட்டது தகவல் தொடர்பு. செயற்கைக்கோள் இணைப்பு ஒன்று அமைந்த பிறகுதான் அங்கே செய்த வேலையைக் கடல் கடந்து அனுப்ப முடிந்தது. 1991ல் வந்த மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு அதே வசதியைச் சிறு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும்படி செய்தது. அந்தத் திட்டத்தில் வரிவிலக்கும் இருந்தது, எல்லோருக்கும் நினைவில் நிற்பதும் அதுதான். ஆனால் சொந்தமாகத் தரைநிலையம் அமைக்க வழியில்லாத ஒரு சின்னக் கம்பெனிக்கு, வரிவிலக்கு மட்டும் கிடைத்து இணைப்பு கிடைக்காமல் இருந்திருந்தால் ஏற்றுமதி செய்யவே எதுவும் இருந்திருக்காது.

வரிவிலக்குக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எல்லோரும் அயர்லாந்தைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான், ஆனால் முழுதாகக் காட்ட வேண்டும். ஏற்றுமதி லாபத்துக்கு அங்கே வரிச்சலுகை தொடங்கியது 1956ல். பிறகு உற்பத்திக்கு 10 சதவீதம், 2003 முதல் பொதுவாக 12.5 சதவீதம் என்று வடிவம் மாறினாலும், ஆட்சிகள் மாறியும் குறைந்த வரி என்ற வாக்கு மாறவில்லை. விகிதத்தைவிட இந்த மாறாத தன்மைக்குத்தான் நிறுவனங்கள் அதிக மதிப்பு கொடுத்தன என்பது என் கணிப்பு. அதோடு 1967 முதல் மேல்நிலைப் பள்ளிக் கல்வி இலவசம், 1970களில் ஊர் ஊராக வட்டாரத் தொழில்நுட்பக் கல்லூரிகள், 1973ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது, ஆங்கிலம் பேசும் நாடு என்பது எல்லாம் சேர்ந்து வந்தன. ஆப்பிள் 1980ல் கார்க் நகரத்தில் ஆலை திறந்தது. வரிச்சலுகை தொடங்கி அதற்குள் 24 வருடம் ஆகியிருந்தது.

இன்டெல் 1989ல் டப்ளினுக்கு அருகே லெய்க்ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இன்டெல்லின் தயக்கம் வரி பற்றியது இல்லை. சிப் ஆலையில் வேலை பார்த்த அனுபவம் உள்ள பொறியாளர்கள் அந்த நாட்டில் கிடைப்பார்களா என்பதுதான். அயர்லாந்தின் முதலீட்டு ஊக்குவிப்பு முகமையான ஐடிஏ, வெளிநாடுகளில் அந்தத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐரிஷ் பொறியாளர்களை நூற்றுக்கணக்கில் தேடிப் பிடித்துப் பேசியது. நல்ல வேலை கிடைத்தால் ஊருக்குத் திரும்பத் தயார் என்று அவர்களில் பெரும்பாலானோர் சொன்னதை ஆதாரத்தோடு இன்டெல் முன்னால் வைத்தது. இந்தக் காரியத்துக்கு ஆன செலவு ஒரு மாத வரிவிலக்குக்கும் ஈடாகாது. உங்கள் பகுதியில் இருந்து வெளியே போய்விட்டவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான பிராந்தியங்களில் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களிடம் அது சும்மா கிடக்கிறது.

கோஸ்டாரிகாவும் இன்டெல்லை 1996ல் பிடித்தது. பிரேசில், மெக்சிகோ போன்ற பெரிய நாடுகள் போட்டியில் இருந்தபோது, முப்பது நாற்பது லட்சம் பேர் மட்டுமே இருந்த நாடு அது. இன்டெல்லுக்கென்று தனியாகப் பெரிய வரிச்சலுகை எதையும் அது உருவாக்கவில்லை; ஏற்றுமதி மண்டலத்தில் யார் வந்தாலும் கிடைக்கும் சலுகையே கிடைத்தது. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து இன்டெல்லுக்குத் தேவையான தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான படிப்பைத் தொடங்கினார்கள். அதிபரே நேரில் இறங்கிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். 2014ல் இன்டெல் அங்கிருந்த சிப் பொருத்தும் ஆலையை மூடி 1,500 பேர் வேலை இழந்தபோது நாடு ஆடித்தான் போனது. ஆனால் பொறியியல் மையம் அங்கேயே இருந்தது, பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தார்கள். மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் ஏற்கெனவே வரிசையாக வந்து, அதுவே நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக ஆகிவிட்டது. இன்டெல்லுக்கென்று தயார் செய்தவற்றில் பெரும்பகுதி, இன்டெல் ஆலையை மூடிய பிறகும் நாட்டுக்கு உபயோகப்பட்டது. சலுகைக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் நான் வைக்கும் கேள்வி இதுதான்: அந்த நிறுவனம் நாளைக்குக் கிளம்பினால் இதில் எது இங்கே மிஞ்சும்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமேசான் கதையைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் வட அமெரிக்காவில் இருந்து 238 ஊர்கள் விண்ணப்பித்தன. மேரிலாந்து மாநிலம் 8.5 பில்லியன் டாலர் வரை தருவதாகச் சொன்னது. அமேசான் தேர்ந்தெடுத்தது போட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கும் வர்ஜீனியாவை. அது தந்த நேரடிச் சலுகை, 25,000 வேலைகளுக்கு ஆளுக்கு 22,000 டாலர் வீதம் 550 மில்லியன். அதோடு, கணினித் துறைப் பட்டதாரிகளின் எண்ணிக்கையை 20 ஆண்டுகளில் 25,000 கூட்டுவதற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலீடு, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் புது வளாகம் ஆகியவற்றையும் வர்ஜீனியா முன்வைத்தது. கூடவே தேர்வான நியூயார்க், சுமார் 3 பில்லியன் டாலர் சலுகைக்கு எழுந்த உள்ளூர் எதிர்ப்பில் 2019 பிப்ரவரியில் அமேசானை இழந்தது. 2023ல் அமேசான் வர்ஜீனியாவின் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. வர்ஜீனியாவுக்கு அதில் பெரிய அடி இல்லை: வராத வேலைக்குப் பணம் தர வேண்டியதில்லை, வளர்ந்த கல்லூரிகள் எங்கும் போகவில்லை.

மறுபக்கம் விஸ்கான்சின். ஃபாக்ஸ்கான் 2017ல் 10 பில்லியன் டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவிக்க, மாநிலம் ஏறக்குறைய 3 பில்லியன் டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. 2021ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 1,454 வேலை, 672 மில்லியன் முதலீடு, 80 மில்லியன் டாலர் வரை சலுகை என்று சுருக்கினார்கள். வேலை கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே எழுதியிருந்ததால் மாநிலம் பெரும் இழப்பில் இருந்து தப்பித்தது. மவுன்ட் பிளசன்ட் என்ற சின்ன ஊர் தப்பிக்கவில்லை. அது ஆலை வரும் முன்பே கடன் வாங்கி, வீடுகளையும் நிலங்களையும் கையகப்படுத்தி, சாலையும் தண்ணீர்க் குழாயும் போட்டுவிட்டது. பல வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் தரவு மையத்துக்காக அந்த நிலத்துக்கு வந்தது. அது அந்த ஊரின் அதிர்ஷ்டம், திட்டம் இல்லை.

ரோட் ஐலண்ட் மாநிலம் செய்தது இதைவிட விபரீதம். 2010ல் பக்கத்து மாநிலத்தில் இருந்து '38 ஸ்டூடியோஸ்' என்ற வீடியோ கேம் நிறுவனத்தை இழுத்துவர 75 மில்லியன் டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2012ல் நிறுவனம் திவால். மொத்தப் பணத்தையும் ஒரே நிறுவனத்தின் மேல், அதுவும் ஒரு வெற்றிகரமான விளையாட்டையே நம்பியிருக்கும் தொழிலில் கட்டியது சூதாட்டம். முதலீட்டு நிதிகள் பத்து நிறுவனத்தில் போட்டு ஒன்றில் எடுப்பார்கள். அரசு ஒன்றில் போட்டு ஒன்றில் எடுக்க நினைத்தது.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் வேலை உருவான பிறகு, சம்பளப் பதிவேட்டைச் சரிபார்த்த பிறகு. "வேலை" என்றால் என்ன என்று எழுதுங்கள்: முழுநேரமா, நேரடிப் பணியாளரா, ஒப்பந்தத் தொழிலாளரும் சேர்த்தியா, குறைந்தபட்ச சராசரிச் சம்பளம் எவ்வளவு, பக்கத்து ஊர்க் கிளையில் இருந்து மாற்றி வந்தவரும் கணக்கா? குறிப்பிட்ட காலத்துக்கு முன் மூடினால் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு கட்டாயம் வேண்டும். டெல் நிறுவனம் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் 2005ல் திறந்த ஆலையை மூடுவதாக 2009ல் அறிவித்தபோது, உள்ளூர் நிர்வாகங்கள் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது இப்படி ஒரு பிரிவு இருந்ததால்தான். இன்னொன்று, ஒப்பந்தத்தை வெளியிடுங்கள். அமெரிக்காவில் 2015ல் வந்த அரசுக் கணக்கு விதி ஒன்று, விட்டுக்கொடுத்த வரி எவ்வளவு என்பதை ஆண்டறிக்கையில் காட்டச் சொல்கிறது. மானியம் பட்ஜெட்டில் செலவாகத் தெரியும், வரிவிலக்கு தெரியாது. அரசியல்வாதிகளுக்கு வரிவிலக்கு இனிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்துப் பிராந்தியத்தோடு ஏலம் கேட்கப் போகிறீர்களே, அதற்கும் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. கான்சஸ் சிட்டி மாநகரம் இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த அலுவலகங்களை அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் இருந்ததை இந்தப் பக்கமுமாகப் பல வருடம் சலுகை கொடுத்து இழுத்தார்கள். ஊழியர்கள் வீடு மாறவில்லை, அலுவலகத்துக்குப் போகும் வழி மட்டும் மாறியது. இரு மாநிலமும் 2019ல் இதை நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டன. ஒரே பணியாளர் சந்தையைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகள் சேர்ந்து ஒரே பெயரில் விளம்பரம் செய்தால் இருவருக்குமே ஆள் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். முன்னே சொன்ன எக்செல் தாளில் இருவருமே மேலே ஏறுவீர்கள்.

தரவு மையம் பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது கதவைத் தட்டுவது பெரும்பாலும் அவைதான். முதலீட்டுத் தொகை பிரமாண்டமாக இருக்கும், வேலை சில டஜன் அல்லது சில நூறு பேருக்கு. அயர்லாந்தில் 2015ல் மொத்த மின்சாரத்தில் 5 சதவீதம் எடுத்துக்கொண்ட தரவு மையங்கள் 2023ல் 21 சதவீதம் எடுத்துக்கொண்டன. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியதைவிட அது அதிகம். வேலைக்காக இவற்றுக்குச் சலுகை தருவது அபத்தம். வரி வருவாய்க்காக வரவேற்பது சரி: வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டி, சர்வர்களின் மேல் விதிக்கும் சொத்துவரியில் பள்ளிக்கூடங்களை நடத்துகிறது. அந்த வரியையே தள்ளுபடி செய்துவிட்டால் பிறகு உங்களுக்கு மிஞ்சுவது மின் கோபுரமும் தண்ணீர்ச் செலவும்தான்.

நாட்டளவிலான வருமான வரிவிலக்கில் இன்னொரு புதுச் சிக்கல். 75 கோடி யூரோவுக்கு மேல் விற்பனை உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் 2021ல் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய நாடுகள் பலவும் 2024ல் அமல்படுத்தத் தொடங்கின. அயர்லாந்தும் பெரிய குழுமங்களுக்கு 15 சதவீதத்துக்கு வந்துவிட்டது. இந்த விதி பொருந்தும் குழுமத்துக்கு நீங்கள் வரியே வேண்டாம் என்று சொன்னால், குறையும் தொகையை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ளக்கூடும். விட்டுக்கொடுத்தது நீங்கள், வாங்கிக்கொண்டது அவர்கள். அதனால்தான் பல நாடுகள் வரிவிலக்கில் இருந்து மானியம், பணமாகத் திரும்பக் கிடைக்கும் ஆராய்ச்சிச் சலுகை, பயிற்சிச் செலவு என்று நகர்கின்றன. உங்கள் 15 வருடத் திட்டத்தை அச்சடிக்கும் முன் ஒரு நல்ல வரி ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்புறம் எங்கள் பணத்தை எதில் போடுவது?" என்றால், முதல் இடம் பயிற்சிக்கு. மலேசியாவின் பினாங்கு 1972ல் ஏற்றுமதி மண்டலம் திறந்து இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ் போன்ற எட்டு நிறுவனங்களைத் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அன்றைக்கு அங்கே குறைந்த கூலிதான் ஈர்ப்பு. கூலி ஏற ஏற, 1989ல் அரசும் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு திறன் வளர்ச்சி மையம் தொடங்கின. என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்தது தொழிற்சாலைகள். ஒன்றோடு ஒன்று போட்டி போடும் நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் ஆட்களைப் பயிற்றுவித்தன. பினாங்கில் அவற்றில் பல இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது, ஏற்கெனவே உங்கள் மண்ணில் இருக்கும் நிறுவனங்கள். 40 பேர் வைத்து நடத்தும் உள்ளூர் மென்பொருள் நிறுவனத்தின் முதலாளியை உங்கள் குழு கடைசியாக எப்போது சந்தித்தது? அவர் 40ஐ 120 ஆக்குவதற்கு எது தடை என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் ஒரு கட்டட அனுமதியாகவோ, அரசு டெண்டரில் "மூன்று வருட அனுபவம்" என்ற நிபந்தனையாகவோ இருக்கும். இதைத் தீர்க்கச் செலவே இல்லை. வெளியே இருந்து வரும் குழு பேசப்போகும் அந்த மனிதவள மேலாளரும் இவர்களிடம்தான் வேலை பார்க்கிறார்.

பொறுமைக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க், மூன்று நல்ல பல்கலைக்கழகங்களுக்கு நடுவே 1959ல் தொடங்கியது. ஐபிஎம் வந்தது 1965ல். நடுவில் இருந்த வருடங்களில் அது பெரும்பாலும் பைன் மரக்காடும் விளம்பரக் கையேடும்தான். தேர்தல் சுழற்சியை வைத்துப் பார்த்தால் தோல்வி என்று அறிவித்திருப்பார்கள்.

நிலம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் நேரான பதில்: இலவசமாக எழுதிக் கொடுக்காதீர்கள். நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுங்கள், முதல் ஐந்து வருட வாடகையை வேண்டுமானால் பெயரளவுக்கு வையுங்கள். 24 மாதத்துக்குள் கட்டத் தொடங்காவிட்டால் குத்தகை தானாக ரத்து என்றும், உள்வாடகைக்கு விடக்கூடாது என்றும் எழுதுங்கள். மென்பொருள் நிறுவனம் 50 ஏக்கர் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். 2,000 பேர் உட்கார ஒரு நல்ல கட்டடம் போதும், மீதி ரியல் எஸ்டேட். அவர்களுக்கு நிஜமாக உதவ நினைத்தால் மின்சாரமும் இரண்டு தனித்தனி வழியில் ஃபைபரும் உள்ள, நாளைக்கே குடியேறக்கூடிய ஒரு தளத்தை ஆறு மாத வாடகைக்குத் தரத் தயாராக வைத்திருங்கள். முப்பது பேரோடு வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று சொல்லுங்கள். பக்கத்துப் பிராந்தியம் அதைத் தருகிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள்.